வாவியில் தூவிய கொழுந்து

மிதவை விமானம் வந்து இறங்கும் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். போன கிழமை காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் உங்களைப் பார்த்தேன். ஆரஞ்சு நிற மேலங்கி, காதில் ஒரு கருவி, கையில் ஒரு கருவி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விமானம் கரையை அணைந்ததும் உங்களில் ஒருவர் கயிற்றை வாங்கிக் கட்டினார். கட்டிய கையோடு கைபேசியை எடுத்துத் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் தண்ணீர் என்ன செய்கிறது என்று திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வயதான காலத்தில் எதற்கு வம்பு என்று பேசாமல் வந்துவிட்டேன். பேசாமல் வந்ததை இப்போது எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

உங்கள் வேலை இந்த மலைக்குப் புதிது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை, பிள்ளைகளே. தோட்டத் தமிழர்களான எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்து, நாங்கள் எந்த நாட்டு மனிதர்கள் என்று எங்களுக்கே தெரியாமல் ஆக்கி வைத்திருந்த அந்த ஆண்டுகளில், நுவரெலியா கிரகரி வாவியில் பறக்கும் படகு இறங்கியது. அதைத் தண்ணீரில் இறக்கியவர்களில் நானும் ஒருவன்.

பறக்கும் படகு என்றால் உங்கள் விமானம் போல அல்ல. உங்களுடையது காலில் இரண்டு சப்பாத்து மாட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கிறது. பறக்கும் படகுக்கு வயிறே படகு. வயிற்றோடு வந்து தண்ணீரில் படுக்கும். எழும்பும்போது வாவியையே கூடக் கொண்டுபோய்விடுமோ என்று தோன்றும். நான் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகள் கொண்ட லயம் ஒன்றில் பிறந்தவன். தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கப் பிடிக்காமல் வீட்டுக்குச் சொல்லாமல் ஓடியவன், தெற்கே கொக்கலை வாவியில் மோட்டார் படகுக் கூலியாகப் போய் விழுந்தேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகும் அங்கே பறக்கும் படகுகள் வந்து தங்கிப் போகும். உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட சாப்பாட்டு மேசை இருக்கும். சீமாட்டிகள் தொப்பி கலையாமல் இறங்கி, கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு படகில் கால் வைப்பார்கள். லயத்தில் பிறந்த என் கையைத்தான்! அந்தத் திமிர் இன்றுவரை எனக்கு இறங்கவில்லை.

அங்கே எனக்கு வேலை சொல்லித் தந்தவர் ஒரு மலாய்க்காரப் படகோட்டி. முன்கோபி. ஒரு காலையில் காற்றே இல்லாமல் வாவி அசையாமல் கிடந்தது. என்னைப் படகின் ஓரத்தில் குனியச் சொன்னார்.

"மூக்கு தண்ணில படுறதுக்கு ஒரு சாண் இருக்கும்போது நிப்பாட்டு," என்றார்.

இதிலென்ன கஷ்டம் என்று குனிந்தேன். ஒரு சாண் இருக்கிறது என்று நான் நினைத்த இடத்தில் மூக்கு, வாய் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. இருமி முடித்துத் தலையைத் தூக்கினால் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"அசையாத தண்ணி கண்ணுக்குத் தெரியாது. அதுல தெரியுறது எல்லாம் வானம் தான். பைலட்டுக்கும் அதே கதி. அவன் மூக்கு உன் மூக்க விடப் பெருசு, அவ்வளவு தான்."

அதனால்தான் காற்றில்லாத நாளில் விமானம் இறங்குவதற்குச் சற்று முன்பு மோட்டார் படகை வேகமாக ஓட்டித் தண்ணீரைக் கலக்கிவிடுவோம். அலை எழும்பினால்தான் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று விமானிக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஒன்று உயரத்திலேயே வேகத்தை விட்டுவிட்டுத் தொப்பென்று விழுவான். அல்லது பறந்து வந்த வேகத்திலேயே தண்ணீருக்குள் மூக்கைக் குத்துவான். இரண்டிலும் மிஞ்ச ஒன்றும் இருக்காது.

சில காலம் கழித்து, நுவரெலியா சீசனுக்குக் கொழும்பிலிருந்து ஆட்களைக் கொண்டுவர ஒரு கம்பனி சின்னதாக ஒரு பறக்கும் படகு விட்டது. இரண்டே இயந்திரம், பத்துப் பதினைந்து பேர் உட்காரலாம். ரயிலில் பகல் முழுக்க வர வேண்டிய தூரத்தை ஒரு காலைச் சாப்பாட்டு நேரத்தில் வந்துவிடலாம் என்று பேச்சு. ஊர் ஊராகப் புகழ்ந்த அந்தச் சேவை இரண்டு சீசன்தான் ஓடியது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு ரோட்டும் காரும் ஜெயித்துவிட்டன. ஆனால் அது முதன்முதலாக வந்த நாளில் வாவிக் கரையில் நின்றவர்கள் யாரும் அதைச் சாகும்வரை மறக்கவில்லை.

கொக்கலையில் வேலை பார்த்தவன், உள்ளூர்க்காரன் என்பதால் வாவியின் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார்கள். என்னிடம் ஒரு மோட்டார் படகும் இரண்டு கொடிகளும் இருந்தன. வெள்ளைக் கொடி தூக்கினால் இறங்கலாம். சிவப்புத் தூக்கினால் இறங்காதே, உடனே கொழும்புக்குத் திரும்பிப் போ என்று அர்த்தம். இன்றைக்கு உங்களிடம் இருக்கிற பேசும் கருவி ஒன்றும் அப்போது எங்களிடம் இல்லை.

விடிந்ததிலிருந்து கரையில் கூட்டம். சீசனுக்கு வந்த பணக்காரர்கள், கடைவீதி ஆட்கள், சுற்றுத் தோட்டங்களில் வேலைக்கு நின்றிருக்க வேண்டிய ஆட்கள், எல்லாரும் இருந்தார்கள். நம் ஆட்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. புதிதாக ஒரு லொறி வந்தாலே மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் விடமாட்டோம். ஆகாயத்திலிருந்து கப்பல் வருகிறது என்றால் சும்மா இருப்பார்களா? என் மோட்டார் படகைத் தேர் போலச் சோடித்துவிட்டார்கள். முன்னால் இரண்டு வாழைக்கன்று, சுற்றிலும் தோரணம், பின்னால் இடுப்புத் தடிமனில் செவ்வந்தி மாலை. பார்க்கக் கண் நிறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

இறம்பொடை மலைப் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. வாவி அன்றைக்கு ஆடாமல் அசையாமல் கிடந்தது. பக்கத்தில் நின்ற சீமாட்டி ஒருத்தி, எவ்வளவு அழகு என்று நெஞ்சில் கை வைத்தாள். எனக்கோ அந்த அசையாத தண்ணீர்தான் ஆபத்து. படகை முடுக்கினேன். பத்திருபது அடி தூரம் போயிருக்கும். பின்னால் கட்டியிருந்த மாலை அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. அதன் தும்புக் கயிறு படகின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றி இறுகியது. இயந்திரம் ஒருமுறை முனகிவிட்டு நின்றுபோனது.

கூட வந்த பையன்கள் கத்தியோடு தண்ணீரில் குதித்தார்கள். அந்தக் குளிரில் விரல் மரத்துப்போய், ஈரக் கயிறு அறுபட மறுத்தது. நான் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தேன். மேலே விமானம் வட்டம் போட ஆரம்பித்திருந்தது. விமானிக்கு விஷயம் தெரியும். மோட்டார் படகு தண்ணீரைக் கலக்கட்டும் என்று காத்திருக்கிறார்.

கம்பனி மனேஜர் ஓடி வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை.

"என்னப்பா செய்யப் போற? ரெண்டு கொடியும் உன் கையில தான் இருக்கு. நீ சொல்றது தான். ஆனா சீக்கிரம் சொல்லு."

சிவப்பைத்தான் முதலில் எடுத்தேன். சுருளைப் பாதி பிரித்தும்விட்டேன். அப்போது இறம்பொடைப் பக்கம் பார்த்தேன். விமானம் வந்த மலை இடைவெளி முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டிருந்தது. இங்கே இறங்காதே என்று சொன்னால் அந்த மூடுபனிக்குள் மலைகளுக்கு நடுவே போ என்று சொல்வதாக அர்த்தம். வெள்ளையைத் தூக்கினாலோ, கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் வந்து மோது என்று அர்த்தம். மேலே இருந்தவர்களின் உயிர் இரண்டு துணித்துண்டில் நின்றது.

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கையில் இரண்டு கொடி இருந்தால் உலகத்தில் இரண்டே வழி இருப்பதாக மனம் நம்பிவிடும். இதுவா அதுவா என்று அந்தக் கொடிகளையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படி நிற்கிற நேரத்தில் கொடியைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றிப் பாருங்கள். நான் அதைத்தான் செய்தேன். மலாய்க்காரர் சொன்னது மறுபடி காதில் கேட்டது. தண்ணீர் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அலை இல்லாவிட்டால் அதன் மேல் வேறு ஏதாவது மிதக்க வேண்டும். கரையிலிருந்த துடுப்புப் படகுகளை ஓட்டிப் பார்க்கலாமென்றால், அவை எழுப்பும் அலை அடுத்த துடுப்புக்குள் அடங்கிவிடும். பலகை, கட்டை போட்டால் விமானத்தின் வயிற்றைக் கிழித்துவிடும். மிதக்க வேண்டும், மென்மையாக இருக்க வேண்டும், நிறைய வேண்டும், உடனே வேண்டும்.

வாவிக்கு மேலே ரோட்டோரத்தில், பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்தை நிறுப்பதற்குத் தராசு கட்டியிருந்தார்கள். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுவையைக் குறிக்கும் கணக்கப்பிள்ளையும் தராசை மறந்துவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார். அத்தனை கூடையும் நிறைந்து வழிந்தது.

மூச்சிரைக்க மேலே ஓடினேன்.

"ஐயா, கொழுந்து வேணுங்க. அம்புட்டும் வேணும். தண்ணில கொட்டணும்."

"என்னப்பா, புத்தி கெட்டுப் போச்சா?" என்றார் கணக்கப்பிள்ளை. "இன்னும் நிறுக்கவே இல்ல. தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

"மேல சுத்துறவருக்குத் தண்ணி எங்க இருக்குன்னு தெரியலைங்க. கொழுந்து மிதந்தா தெரியும். இல்லாட்டி அதுல இருக்கவங்க அம்புட்டுப் பேரும் செத்துருவாங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிறுக்காத கொழுந்தைக் கொடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. நிறுவை குறைந்தால் முழு நாள் நின்று வேலை செய்திருந்தாலும் அரைப்பேர்தான் போடுவார்கள், அதாவது அரை நாள் சம்பளம். தோட்டத்தை நடத்தும் துரையின் கோபத்தைப் பொறுத்து அதுவும் இல்லாமல் போகும். அந்த வெயிலிலும் குளிரிலும் குனிந்து நிமிர்ந்து எடுத்த கொழுந்து அது. கேட்கிற எனக்கே கூசியது.

முன்னால் நின்றவள் அங்கம்மா. நாற்பது வயதிருக்கும்; வாய்க்குப் பெயர் போனவள். அவள் இருக்கும் வரிசையில் வேலை வாங்கும் கங்காணி கூடச் சத்தமாகப் பேசமாட்டார் என்பார்கள்.

"அதுக்குள்ள பொம்பளைங்க, புள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க அக்கா."

இறக்கி வைத்த கூடையின் கயிற்றை மறுபடி தலையில் மாட்டினாள். "நட," என்றாள்.

"ஏ அங்கம்மா! இன்னைக்குப் பேரு விழாது, சொல்லிப்புட்டேன்!" என்று கத்தினார் கணக்கப்பிள்ளை.

"விழாட்டிப் போகுதுங்க ஐயா. அந்தக் கப்பல் விழப் போகுது, அத மொதல்ல பாருங்க."

அவ்வளவுதான். ஒருத்தி நடந்ததும் எல்லாரும் நடந்தார்கள். ஓடினார்கள் என்றே சொல்ல வேண்டும். கரையில் சீசன்காரர்களுக்கு வாடகைக்கு விடும் துடுப்புப் படகுகள் நின்றன. நாலு படகில் நாலு பேரை ஏற்றி, துடுப்புப் போடப் படகுக்கு ஒரு பையனை வைத்தேன். மற்றவர்களின் கூடைகளையும் அவற்றில் அடுக்கினோம். அவர்களில் யாரும் அதற்கு முன்னால் படகில் கால் வைத்ததில்லை. ஒருத்தி "முருகா, முருகா" என்று கண்ணை மூடிக்கொண்டே ஏறினாள். அங்கம்மா கூடையையும் சேர்த்தே மிதக்க விடலாமா என்று கேட்டாள்.

"கூடை வேண்டாம் அக்கா, குச்சியும் வேண்டாம். கொழுந்து மட்டும். நேர் கோடாத் தூவிக்கிட்டே போங்க."

கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டே பழகிய கை. வெளியே எடுத்து வீசு என்றால் முதலில் தடுமாறியது. அங்கம்மா இரண்டு பிடி எடுத்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள், வீச மனம் வராமல். பிறகு வீசினாள். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. படகுகள் வாவியின் நீளத்துக்குப் போகப் போக, பின்னால் பச்சைக் கோடுகள் நீண்டன. வானமும் வெள்ளை, தண்ணீரும் வெள்ளை. நடுவில் கொழுந்து மட்டும்தான் நிறமாக இருந்தது. அதைக் கண்டதும் எனக்கே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது.

படகுகளைக் கரையோரம் ஒதுங்கச் சொல்லிவிட்டு வெள்ளைக் கொடியைத் தூக்கினேன்.

விமானம் ஒரு முறை தாழ்ந்து வந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறியது. கூட்டத்தில் ஒருத்தர் அழுதார். விமானி நம்பவில்லையோ என்று நினைத்தேன். ஆனாலும் கொடியை இறக்கவில்லை. அது திரும்பியது. வாவியின் அந்தக் கோடியில் மரங்களுக்கு மேலே மூக்கு தெரிந்தது. இறங்கியது, இன்னும் இறங்கியது, பச்சைக் கோட்டின் மேலேயே நேராக வந்தது. ஒரு கணம் தொடவும் இல்லை, பறக்கவும் இல்லை. பிறகு வயிறு தண்ணீரில் பட்டு, இரண்டு பக்கமும் நுரை சீறி எழுந்தது. நுரையோடு கொழுந்தும் எழுந்து பறந்தது. விமானம் வேகம் குறைந்து, குறைந்து, ஒரு வாத்து போல மெதுவாக எங்களை நோக்கித் திரும்பியது.

நான் வாழ்நாளில் கேட்ட சத்தங்களில் பெரியது அதன் பிறகு கரையில் எழுந்த சத்தம்தான். மனேஜர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். கணக்கப்பிள்ளை தன் தொப்பியை வாவிக்குள் எறிந்துவிட்டு, பிறகு அதை எடுத்துத் தரச்சொல்லிப் பையன்களிடம் கெஞ்சினார். அங்கம்மா படகிலேயே எழுந்து நின்று குலவையிட, மற்ற மூன்று படகிலும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அழுதேன். கொடியால்தான் முகத்தைத் துடைத்தேன்.

விமானத்தை ஓட்டி வந்த கப்டன் நெட்டையான மனிதர். கடைசியாக இறங்கி, விமானத்தின் விலாவில் ஒட்டியிருந்த கொழுந்து ஒன்றை உரித்தெடுத்து முகர்ந்து பார்த்தார். என் அரைகுறை இங்கிலீசில் நடந்ததைச் சொன்னேன். யார் கொடுத்தது என்று கேட்டார். காட்டினேன். மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு, வெறும் கூடையோடு நின்ற அங்கம்மா முன்னால் போய் நின்று ஏதோ சொன்னார்.

"என்னாங்குறாரு?" என்றாள் அவள்.

"நன்றி சொல்றாரு அக்கா."

"நன்றி இருக்கட்டும். எங்க தொரைகிட்ட ரெண்டு வார்த்த சொல்லச் சொல்லு, தம்பி."

துரை அதற்குள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியிருந்தார். முகம் சிவந்திருந்தது. காலைக் கொழுந்து வாவியில் மிதக்கிறது என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கப்டன் அவரிடம் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று முழுதாகத் தெரியாது; விமானத்திலிருந்து இறங்கிய சீமாட்டிகள் இரண்டு பேர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். துரை கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முழுப்பேர் போடச் சொன்னார். சொல்லும்போது வாயில் வேப்பெண்ணெய் வைத்த மாதிரி இருந்தது முகம்.

கப்டன் திரும்பி வந்தார். தன்னால் வேறு என்ன செய்ய முடியும் என்று அங்கம்மாவிடம் கேட்கச் சொன்னார். சேலை கேட்பாள், பாத்திரம் கேட்பாள் என்று நான் நினைத்தேன். அங்கம்மா விமானத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல எங்கள ஏத்துவாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். கப்டன் மட்டும் சிரிக்கவில்லை. நாளைக் காலையில் படகில் போன நாலு பேரும் வரட்டும் என்றார்.

மறுநாள் நாலு பேரும் தீபாவளிச் சேலையில் வந்தார்கள். கணக்கப்பிள்ளை கையில் இன்னொரு செவ்வந்தி மாலையோடு வந்தார். அவரை என் படகுக்குக் கிட்டவும் விடவில்லை. வேண்டுமானால் துரைக்குப் போடுங்கள் என்று துரத்தினேன். நான் முன்னால் போய்த் தண்ணீரைக் கலக்கிவிட்டேன். பறக்கும் படகு என் பின்னால் இரைந்து வந்து, என்னைக் கடந்து, எழும்பியது. வாவியைச் சுற்றி, தோட்டத்துக்கு மேலே இரண்டு வட்டம் போட்டது. மலையில் நின்ற பெண்கள் கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டுத் தலைச் சீலையை அவிழ்த்து ஆட்டியது எனக்குக் கீழேயிருந்தே தெரிந்தது. இந்த மண்ணில் உனக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டவர்கள் அதன் ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

இறங்கியதும் மொய்த்துக்கொண்டோம். என்ன பார்த்தாய், எப்படி இருந்தது, பயமாக இருந்ததா? மற்ற மூன்று பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அங்கம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு தன் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"தொரை பங்களா தெரிஞ்சுச்சு. இந்த வெரல கண்ணாடில வச்சேன். பங்களா, பூந்தோட்டம், கேட்டு, எல்லாம் மறைஞ்சு போச்சு."

அடுத்த நாள் நடந்ததைக் கணக்கப்பிள்ளையே வந்து என்னிடம் சொன்னார். விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, துரை வழக்கம் போலப் பிந்தி வந்த யாரையோ பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாராம். வரிசையில் ஒரு பெண் மெதுவாகச் சுண்டுவிரலைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தாளாம். பக்கத்தில் நின்றவள் தூக்கினாள், அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் தூக்கினாள், கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. துரைக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன அது, என்ன அது என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

கணக்கப்பிள்ளை அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "நானும் தூக்கிட்டேம்ப்பா," என்றார்.